சமைத்த கைக்கு

ஓல்ற்றனில் நவம்பர் வந்தால்
ஆற்றிலிருந்து எழும்பும் மூடுபனி
மூன்று கிழமைக்கு ஊரை விட்டுப் போகாது.
அந்தப் பனிக்குள்தான் அவர் விழுந்தார்,
ரயில் பட்டறையில்,
இரவு வேலை முடிய ஐந்து நிமிடம் இருக்க.
வலது கை போயிற்று. வலது கால் பாதி.
பேச்சு முழுதாக.

முப்பத்தேழாம் நாள்
லூத்தி அம்மணி படம் காட்டினா.
கோப்பை. திறப்பு. நாய்.
கோப்பையைப் பார்த்து "வியாழன்" என்றார்.
நாயைப் பார்த்தும் வியாழன்.
என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டா.
நெடுநேரம் தேடினார்.
கண் நிறைய நான் இருந்தேன், வாயில் இல்லை.
"வியாழன்."
மூவரும் சிரித்தோம்.
அவர்தான் முதலில் நிறுத்தினார்.

சபையிலிருந்து வந்தார்கள்.
எல்லாவற்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும், பியூலா, என்றார்கள்.
நான் தேத்தண்ணி ஊற்றினேன்.
எதற்கு என்று கேட்கவில்லை.
வாடகைக் கடிதம் குளிர்ப்பெட்டிக் கதவில்
காந்தத்தின் கீழ் இருந்தது.
படிக்காதது போல அதைப் படித்தார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் இரவு
கஞ்சி, உப்புக் குறைத்து, மசித்த கரட்டோடு.
கரண்டியைத் தூக்கினேன்.
அவர் வாய் திறக்கவில்லை.
இடது கையால் வலது கையைத் தேடி எடுத்து
இரண்டையும் மடியில் கோத்து
கண்ணை மூடி

"ஆண்டவரே, இந்த மேசைக்கு ஸ்தோத்திரம்.
இதைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு ஸ்தோத்திரம்.
இதைச் சமைத்த கைக்கு ஸ்தோத்திரம்.
இல்லாதவனை மறக்க விடாதேயும். ஆமென்."

ஒரு சொல் தட்டாமல்.
முதல் எழுத்தை விழுங்குகிற அதே விழுங்கலோடு,
பசித்தவனின் அதே அவசரத்தோடு.
பிறகு கஞ்சியைப் பார்த்து
வியாழன் என்றார்.

இருபத்திரண்டு வருடம் இந்தச் செபத்தைக் கேட்டேன்.
கேட்டேன் என்றா சொன்னேன்?
அப்பளம் நமத்துப் போகுது என்று நினைத்தேன்.
மேசைக்குக் கீழே இவான் அக்காவை உதைக்கிறான் என்று நினைத்தேன்.
ஆமென் மட்டும்
சரியான நேரத்தில் சொன்னேன்.

லூத்தி அம்மணி விளங்கப்படுத்தினா:
பழகிய சொற்கள் மூளையில் வேறோர் அறையில் இருக்கும்,
அந்த அறை தப்பிவிட்டது.
பேச்சு வந்துவிட்டதென்று நம்ப வேண்டாம்.
நினைத்துச் சொல்லவில்லை அவர்.
தானாக வருகிறது.

தானாக வருகிறது.
பஸ்ஸில் வீடு வரும்வரை
அதை வாய்க்குள் வைத்திருந்தேன், கரையாத இனிப்பு மாதிரி.
நினைத்து நினைத்து நான் சொன்ன நன்றிகள் எத்தனை,
ஒன்றாவது தானாக வந்ததா?

இப்போது ஒரு களவு செய்கிறேன்.
மூன்று நேரச் சாப்பாட்டை ஏழாகப் பிரித்துவிட்டேன்.
ஒரு பிஸ்கற். அரை வாழைப்பழம்.
தட்டு வைத்தால் குரல் வரும்.
மகள் கண்டுபிடித்துவிட்டாள்.
அம்மா, அப்பாவுக்கு வயிறு வைக்குது.
அடுத்த நாள் பள்ளியால் வந்தவள்
சப்பாத்தும் கழற்றாமல்
ஒரு தோடம்பழத்தை உரித்து
அவர் முன்னே வைத்துவிட்டு
காத்து நின்றாள்.

நேற்றுக் காப்புறுதிக்காரரின் பதில்.
மறுத்திருந்தார்கள், மிக மரியாதையாக.
இரவு இரண்டு மணிக்கு
பீங்கானில் ஒரு துண்டுப் பாண் எடுத்துக்கொண்டு
கட்டிலடிக்குப் போனேன்.
அவரும் விழித்துத்தான் இருந்தார்.
வெளியே பனியைத் தைத்துக்கொண்டு
சரக்கு ரயில் ஒன்று போனது.

கைகளைக் கோத்தார்.
"இதைச் சமைத்த கைக்கு" என்று வரும்போது,
ஆண்டவரே, இது கடைப் பாண்,
மூடும் நேரத்தில் அரை விலைக்கு வாங்கியது,
இந்தக் கைக்கு அதில் பங்கில்லை என்று
சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை.
கையை நீட்டி வைத்திருந்தேன்
ஆமென் வரும்வரைக்கும்.

பாணைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றோம்.
வியாழன், என்றார்.
ஓம், என்றேன்.
விடிந்தால் வியாழன்தான்.